‘மெஷின்ல தண்ணி நிக்குது’ பக்கத்தை எழுதியவள்

என் தங்கை இதுவரை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால் பெருமைக்குச் சொல்வதுபோல் ஆகிவிடும்.

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தோற்றாள். மறுபடி எழுதியபோது தேர்வறைக்கு வெளியே சாலையை உடைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, தேறினாள். பட்டம் இல்லாதவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று போட்டிருந்த வேலைக்கு விண்ணப்பித்தாள். அந்த விளம்பரத்திலேயே தேவையில்லாத வாக்கியங்களை அடித்துக் காட்டி, மிச்சமிருந்த வேலையை வாங்கிக்கொண்டாள். அலுவலகத்தில் அவளைவிட மூத்தவர்கள் இருக்கும்போதே ஜன்னலோர நாற்காலி அவளுக்குக் கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரை மட்டும்தான் உண்டு, வெயிலில் கண் கூசும், அதனால் வேறு யாரும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘எங்கள் இணையதளத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்’ என்ற வரியைப் பல கடைகளின் இணையதளங்களிலிருந்து நீக்கியிருக்கிறாள். ஒவ்வொரு கடைக்கும் தனித்தனிச் சண்டை. வாஷிங் மெஷினில் தண்ணீர் நிற்கிறது என்று யார் தேடினாலும், மெஷினைச் செய்து விற்கிற பெரிய கம்பெனிகளையெல்லாம் தாண்டி ஒரு சின்ன சர்வீஸ் சென்டரின் பக்கம் முதலில் வந்து நிற்கும்படி செய்தாள். அந்தப் பக்கத்தின் அடியில் தன் பெயரும் வரும்படி செய்தாள்.

கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டமானது. இது அதைப் பற்றியது.

நான் அவளுக்கு அக்கா. பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு சட்டைத் தொழிற்சாலையில், தையலும் பொத்தானும் சரியா என்று பார்க்கிற சோதனை மேசைக்குப் போனவள். அவள் செய்கிற வேலையைப் பற்றி நான் எழுதுவது, அவள் வீட்டில் சொல்லிச் சொல்லிக் கேட்டதை வைத்துத்தான். புரியாத இடங்களில் திரும்பக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

எங்கள் அப்பா ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளியாக இருந்தார். கீழ்த்தளத்தில் மோட்டார் அறையை ஒட்டிய அறையில் நாங்கள் வளர்ந்தோம். குடியிருப்பின் செயலாளர் ஓய்வுபெற்ற அதிகாரி. தண்ணீர் வராது என்று சொல்ல அவருக்கு ஒரு முழுத் தாள் வேண்டும். ‘அன்பார்ந்த குடியிருப்போருக்கு’ என்று தொடங்குவார். தொட்டியைத் துப்புரவு செய்ய வேண்டியதன் அவசியத்தை விளக்குவார். போன முறை கிடைத்த ஒத்துழைப்புக்கு நன்றி சொல்வார். தண்ணீர் எப்போது நிற்கும் என்பது தாளின் அடிப்பக்கம் வரும். அதுவரைக்கும் யாரும் படித்ததில்லை. தலையில் சோப்போடு நின்றுகொண்டு, மேலேயிருந்து அப்பாவைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். அப்பா அண்ணாந்து பார்த்து எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார். அதுவும் வேலையில் சேர்ந்தது என்று நினைத்திருந்தார்.

தங்கைக்கு அப்போது பன்னிரண்டு வயது. செயலாளரின் தாளுக்குப் பக்கத்தில் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை ஒட்டினாள். ‘நாளை காலை தண்ணீர் வராது. இன்றே பிடித்து வையுங்கள்.’ அவ்வளவுதான். மறுநாள் மேலேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. அப்பாவுக்கு அதுவே பயமாகிவிட்டது. செயலாளர் இறங்கி வந்து அந்தத் தாளைப் படித்தார்.

“யாரு எழுதுனது?”

“சின்னவ சார். தெரியாம பண்ணிட்டா. கிழிச்சிடறேன்.”

“கிழிக்காத. அடியில ‘இப்படிக்கு, செயலாளர்’னு போடச் சொல்லு.”

போட்டாள். நாங்கள் அந்த அறையைக் காலி செய்யும்வரை அந்தக் கட்டடத்தின் எல்லா அறிவிப்பையும் அவள்தான் எழுதினாள். லிஃப்ட் ஓடாது. மாடியில் துணி காயவைத்தவர்கள் எடுத்துக்கொள்ளவும், பெயின்ட் அடிக்கிறோம். எல்லாவற்றுக்கும் அடியில் ‘இப்படிக்கு, செயலாளர்’. செயலாளர்கள் மாறினார்கள், எழுதுகிறவள் மாறவில்லை. அம்மா ஒருமுறை கேட்டாள்.

“உன் பேரைப் போட்டா என்னடி?”

“என் பேரைப் போட்டா யாரும்மா தண்ணி பிடிப்பாங்க?”

 

வளர்ந்த பிறகு கூரியர் ஆபீசில் சேர்ந்தாள்; அதை மூடிவிட்டார்கள். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தின் கணினி அறையில் சேர்ந்தாள். பட்டம் பெற்ற ஆள் ஒருவர் வந்ததும் அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாகக் கிடைத்ததுதான் இந்த வேலை. கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் இணையதளம் செய்து தருகிற அலுவலகம். டயர் கடைக்கு மேல்மாடி. படி ஏறும்போதே ரப்பர் வாசனை மூக்கில் ஏறும். மேலே நீளமான ஒரே அறை, சுவரை ஒட்டி மேசைகள், எந்த மேசையில் யார் தும்மினாலும் எல்லாருடைய திரையும் ஆடும்.

அலுவலகத் தலைவருக்கு ‘முதல் பக்கம்’ என்று பெயர். யார் வந்தாலும், “முதல் பக்கத்துல கொண்டுவந்துடலாம் சார்” என்பார். அவர் காதுபடவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டார்.

முதல் பக்கம் என்றால் என்னவென்று தங்கை எனக்குச் சொன்னது இப்படி. நாம் போனில் எதையாவது தேடினால், தேடுபொறி, ஊரிலுள்ள இணையதளங்களையெல்லாம் முன்பே படித்துவைத்திருந்து, இதைப் பார், இல்லாவிட்டால் இதைப் பார் என்று வரிசையாக நீட்டும். வரிசையில் முன்னால் நிற்பவனைத்தான் பார்ப்பார்கள். பின்னால் நிற்பவனுக்கு என்ன திறமை இருந்தாலும் நின்றுவிட்டுப் போக வேண்டியதுதான். எங்கள் தொழிற்சாலை வாசலில் ஆள் எடுக்கும் நாளில் நிற்கிற வரிசையும் அப்படித்தான். எனக்கு உடனே புரிந்துவிட்டது.

வரிசையில் முன்னால் போக முதல் பக்கத்திடம் ஒரு வழி இருந்தது. ஜனங்கள் தேடுகிற சொல்லை எத்தனை தடவை திணிக்க முடியுமோ அத்தனை தடவை திணிப்பது. வாஷிங் மெஷின் சர்வீஸ் சென்டர் ஒன்றுக்கு அவரே எழுதியிருந்தார்: ‘சிறந்த வாஷிங் மெஷின் சர்வீஸ் தேடுகிறீர்களா? சிறந்த வாஷிங் மெஷின் சர்வீஸ் தேடுவோருக்கான சிறந்த வாஷிங் மெஷின் சர்வீஸ் எங்கள் சிறந்த வாஷிங் மெஷின் சர்வீஸ்.’

தங்கை சேர்ந்த புதிதில் அதைப் படித்துவிட்டு எழுந்து போய்க் கேட்டாள்.

“இதை யார் சார் படிப்பாங்க?”

“ஜனங்களுக்கா எழுதறோம்? சர்ச் இன்ஜினுக்கு எழுதறோம்.”

“சர்ச் இன்ஜின் துணி துவைக்குமா சார்?”

பக்கத்து மேசைக்காரர் தும்முவதுபோல் சிரித்தார். எல்லாருடைய திரையும் ஆடியது. அன்றிலிருந்து எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் பாதியை வெட்டித் தள்ளினாள். ‘கத்தரி’ என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் வந்து சொன்னபோது அம்மா, “நல்ல வேளை, அரிவாள்னு வைக்கல,” என்றாள்.

இனி வருவதுதான் அந்தப் பக்கத்தின் கதை. முதல் பக்கம், ‘சிறந்த வாஷிங் மெஷின் சர்வீஸ்’ போதாதென்று, சுற்றுப்பட்டில் உள்ள ஊர்களின் பெயர்களையெல்லாம் பக்கத்தில் போட்டிருந்தார். பார்க்கிறவர்களுக்கு அசிங்கமாகத் தெரியக் கூடாதே என்று வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் போட்டார். கண்ணுக்குத் தெரியாது, தேடுபொறிக்குத் தெரியும் என்பது கணக்கு. அவர் கணக்கில் விட்டுப்போனது ஓர் அம்மாள். அவருக்குக் கண் பார்வை இல்லை. போன்தான் அவருக்கு எல்லாப் பக்கத்தையும் வாசித்துக் காட்டும். போனுக்கு வெள்ளை எழுத்து, கறுப்பு எழுத்து என்றெல்லாம் பேதம் கிடையாது.

அந்த அம்மாள் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தார். அங்கே போனை எடுப்பவளை எல்லாரும் போன்அக்கா என்பார்கள்.

“ஏம்மா, எங்க வீட்டு மெஷின் கதவு திறக்க மாட்டேங்குது. என்ன செய்யறதுன்னு உங்க பக்கத்தைப் போட்டேன். ஊர் ஊரா சொல்லிக்கிட்டே போகுது, நிறுத்தவே மாட்டேங்குது. மெஷின் ரிப்பேர் பண்றீங்களா, பஸ் விடறீங்களா?”

போன்அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் திரையில் பார்த்தாள். ஓர் ஊரும் இல்லை. “பஸ் இல்லம்மா” என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் தேடுபொறியும் அந்த வெள்ளை எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டது. அதற்கு இந்த மாதிரி ஒளித்துவைப்பது பிடிக்காதாம். பக்கத்தைத் தூக்கி, வரிசையில் கண்ணுக்கெட்டாத இடத்தில் போட்டது. சர்வீஸ் சென்டரில் போன் அடிப்பது நின்றது. சர்வீஸ் முதலாளி டயர் கடை மாடிக்கு ஏறி வந்தார். பருத்த உடம்பு, மேலே வந்து சேர்ந்தபோது திட்ட மூச்சு இல்லை. தண்ணீர் கொடுத்து, மூச்சு வரும்வரை காத்திருந்து, திட்டை வாங்கிக்கொண்டார்கள்.

அவர் போன பிறகு முதல் பக்கம் தங்கையைக் கூப்பிட்டார்.

“நீ இன்னும் நிரந்தரம் ஆகல இல்ல?”

“இல்ல சார்.”

“இந்தப் பக்கத்தை நீ எடுத்துக்கோ. எழுந்து நின்னா நீ நிரந்தரம். எழலன்னா...” என்று நிறுத்திக்கொண்டார். அவர் எழுதுகிற வாக்கியங்கள்தான் முடியாது என்று அதுவரை நினைத்திருந்தோம்.

நான் எங்கள் தொழிற்சாலையில் நூல் வெட்டுகிற மேசையில் ஆள் தேவையா என்று விசாரித்து வைத்தேன். தேவை என்றார்கள். தங்கையிடம் சொன்னேன். “கத்தரிக்கு ஏத்த வேலைதான்” என்றாள். சிரிக்கவில்லை.

மறுநாள் அவள் அலுவலகம் போகவில்லை. சர்வீஸ் சென்டருக்குப் போனாள். முன்னால் ஒரு கண்ணாடி மேசை, பின்னால் வயிறு திறந்த மெஷின்கள், ஈரத் துணி வாசனை. போன்அக்காவின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யார் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்க ஆரம்பித்தாள். போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். போன்அக்கா முதலில் கூச்சப்பட்டாள், மத்தியானத்துக்குள் பழகிவிட்டது.

“மெஷின் நடக்குதுங்க. குளியலறையில வெச்சேன், ஹாலுக்கு வந்துடுச்சு.”

“எந்தப் பக்கம் பார்த்து வருது?”

“டிவி பக்கம்.”

இன்னொருவர்: “தண்ணி நிக்குது. உள்ள துணி மிதக்குது. கதவைத் திறந்தா வீடு மிதக்கும்.”

இன்னொருவர்: “சத்தம் வருதுங்க. என் மாமியார் பேசற மாதிரி.”

“என்ன மாடல்?”

“மாமியாரா?”

சாயங்காலம் வீட்டுக்கு வந்த தங்கை, காலைக்கூடக் கழுவாமல் என்னிடம் சொன்னாள்: “அக்கா, அந்தப் பக்கத்துல ‘நீர் வெளியேற்றக் குறைபாடுகள்’னு ஒரு தலைப்பு இருக்கு. இன்னைக்குக் கூப்பிட்டவங்கள்ல ஒருத்தர்கூட அப்படிச் சொல்லல. தண்ணி நிக்குதுன்னுதான் சொல்றாங்க. அப்படித்தானே தேடவும் தேடுவாங்க?”

அதையே தலைப்பாக வைத்தாள். ‘மெஷின்ல தண்ணி நிக்குது.’ அதன் கீழே முதல் வரியிலேயே என்ன செய்ய வேண்டும் என்று எழுதினாள். மெஷினை அணையுங்கள், ப்ளக்கைப் பிடுங்குங்கள். பின்னால் போகிற குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள். முன்பக்கம் கீழே சின்ன மூடி இருக்கும், அதற்குள் ஃபில்டர், அதில் அடைத்திருக்கலாம். மெஷின் ஓடலை, தண்ணி வரலை என்று மற்றக் குறைகளுக்கும் கீழே இடம் கொடுத்தாள். ஒரு விஷயத்துக்கு ஒரு பத்தி, நாலு வரிக்கு மேல் இல்லை. தொட்டால் கூப்பிடும்படி போன் நம்பரை உச்சியில் வைத்தாள். வெள்ளை எழுத்து ஊர்களையெல்லாம் அழித்தாள். படங்களுக்குப் பின்னால், படத்தில் என்ன இருக்கிறது என்று எழுதினாள், அந்த அம்மாளின் போன் வாசித்துக் காட்டுவதற்காக. பிறகு அவரையே கூப்பிட்டு வாசிக்கவைத்தாள். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, “இப்பதான்மா மெஷினைப் பத்திப் பேசுது,” என்றார்.

சர்வீஸ் முதலாளி புதிய பக்கத்தைப் பார்த்தார்.

“எங்கப்பா ரிப்பன் வெட்டற போட்டோ முதல்ல இருந்துச்சே?”

“அது ‘எங்களைப் பற்றி’ல இருக்கு சார்.”

“அங்க யாரு போவா?”

“உங்கப்பாவைப் பத்தித் தெரிஞ்சுக்க ஆசைப்படறவங்க சார்.”

“அப்ப நான் ஒருத்தன்தான் போகணும்,” என்றார் முதலாளி. இருந்தாலும் விட்டுவிட்டார்.

பக்கம் மெதுவாக எழுந்தது. தங்கை தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் போனில் தேடிப் பார்ப்பாள். முதலில் வரிசையில் எங்கோ தலை தெரிந்தது. பிறகு கம்பெனிகளின் காலடியில் வந்து நின்றது. ஒருநாள் காலை அம்மா, “ஏண்டி பிரஷ்ஷை வாயில வெச்சுக்கிட்டு சிலை மாதிரி நிக்கற?” என்று கேட்டாள். தங்கை போனைக் காட்டினாள். முதல் இடம். அம்மா கண்ணாடி போடாமல் பார்த்து, “சரி, வாயைக் கொப்பளி,” என்றாள்.

அந்த மாதம் சர்வீஸ் முதலாளி மறுபடி மாடி ஏறினார். இந்த முறை மூச்சை மிச்சம் பிடித்துக்கொண்டு நிதானமாக ஏறினார்.

“பக்கம் முதல்ல வருது. பார்த்தேன். ஜனங்க படிக்கறாங்க, அதையும் ஒத்துக்கறேன். போன் ஏன்மா முன்னைவிடக் கம்மியா அடிக்குது?”

முதலாளி தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து தங்கையிடம் நீட்டினார்.

“‘ப்ளக் சரியா சொருகியிருக்கான்னு பாருங்க’ன்னு எழுதியிருக்க இல்ல?”

“ஆமா சார்.”

“பார்த்துடறான்மா!”

“பார்க்கறதுக்குத்தான் சார் எழுதினேன்.”

“ப்ளக்கு சொருகாம கூப்பிடறவனை நம்பித்தாம்மா பாதிக் கடை ஓடுது. குழாயைத் திறக்காதவன், மூடியைச் சரியா மூடாதவன், இவங்கதான் என் ரெகுலர் கஸ்டமர். அத்தனை பேரையும் நீ ஒரே பக்கத்துல ரிப்பேர் பண்ணிட்ட.”

முதல் பக்கம் இடையில் வந்தார். “பழைய பக்கத்தையே போட்டுடலாம் சார். வெள்ளை எழுத்து மட்டும் இல்லாம.” சொல்லிவிட்டுத் தங்கையைப் பார்த்தார். முடியாத வாக்கியத்தின் மிச்சம் அந்தப் பார்வையில் இருந்தது என்று அவள் சொன்னாள்.

“எடுத்துடறேன் சார்,” என்றாள் தங்கை. “ஒரு வாரம் மட்டும் போன்அக்கா பக்கத்துல நான் உக்கார்ந்த ஸ்டூல்ல நீங்க உக்காருங்க. அப்புறமும் எடுக்கச் சொன்னா எடுத்துடறேன்.”

“என் கடையில நான் ஸ்டூல்ல உக்காரணுமா?”

“நாற்காலி போட்டா போன் தூரமாயிடும் சார்.”

என்ன நினைத்தாரோ, உட்கார்ந்தார். நான் அந்த வாரம் நூல் மேசை மேஸ்திரியிடம், ஆள் வேண்டுமா என்று மறுபடி கேட்டேன். வேண்டும், திங்கள்கிழமை வரச் சொல் என்றார். அதை வீட்டில் சொல்லவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்த முதலாளி கேட்டது என்னவென்று போன்அக்கா பிறகு எங்களுக்கு நடித்தே காட்டினாள். போன் குறைவாகத்தான் அடித்தது. ஆனால் அடித்த போன் எல்லாம் வேறு மாதிரி இருந்தது. “பக்கத்துல போட்டிருக்கற எல்லாம் பார்த்துட்டேங்க. குழாய் மடங்கல, ஃபில்டர் சுத்தமா இருக்கு. பம்ப் போயிருக்கும்னு நினைக்கறேன். ஆளை அனுப்புங்க.” பேரம் இல்லை. வேறு நாலு இடத்தில் கேட்டுவிட்டு வருகிறேன் என்பது இல்லை. மெக்கானிக் பம்ப்பைக் கையோடு எடுத்துப் போய் மாட்டிவிட்டு, ஒரே நடையில் திரும்பிவந்தார். முன்பெல்லாம் ப்ளக் சொருகப் போய், அங்கே கொடுக்கிற டீயைக் குடித்து, பாதி நாளைத் தொலைத்துவிட்டு வருவார். இப்போது டீ குறைந்துபோன வருத்தம் அவருக்கு உண்டு. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் கூப்பிட்டார்கள். வெள்ளை எழுத்தில் ஒளிந்திருந்த அதே ஊர்கள்.

வாரக் கடைசியில் போன்அக்கா எழுந்து போயிருந்த நேரம், முதலாளியே போனை எடுத்தார்.

“சார், உங்க பக்கத்தைப் பார்த்து நானே மெஷினைச் சரி பண்ணிட்டேன். ரொம்ப நன்றி. யாரு எழுதுனது?”

முதலாளி தொண்டையைச் செருமினார். “நான்தான்.”

“அப்படியா! சந்தோஷம். சார், அந்த ஃபில்டரைத் திரும்ப மாட்டறப்ப எந்தப் பக்கம் திருகணும்?”

முதலாளிக்குத் தெரியவில்லை. அப்பா காலத்திலிருந்து கடை நடத்துகிறார், ஃபில்டரை ஒருநாளும் திருகியதில்லை. “லைன் சரியா கேக்கல,” என்று சொல்லி வைத்துவிட்டார். வைத்த கையோடு மாடிக்கு ஏறி வந்தார். மூச்சைப் பற்றிக் கவலைப்படவில்லை.

“பக்கம் இருக்கட்டும்,” என்றார் முதல் பக்கத்திடம். “ஆனா அடியில இவ பேரைப் போட்டுடு. எழுதினது யாருன்னு கேக்கறான். சொன்னா சந்தேகம் கேக்கறான். பேரு இருந்தா அவகிட்டயே கேளுன்னு சொல்லிடுவேன். நாளைக்கே போடணும்.”

“பேரு போட்டா சர்ச் இன்ஜினுக்கும் பிடிக்கும் சார்,” என்றார் முதல் பக்கம். “எழுதினவங்க யாருன்னு தெரிஞ்சா நம்பும். நான் ஆரம்பத்திலேருந்தே சொல்லிக்கிட்டு இருக்கேன்.” அவர் அப்படிச் சொன்னதை யாரும் கேட்டதில்லை. பிறகு தங்கையிடம் திரும்பினார். “அப்ப உன்னை நிரந்தரம் பண்ணித்தான் ஆகணும். பேரு போட்ட ஆளை அனுப்பிட்டா அப்புறம் பேரை வேற எடுக்கணும். பேரைப் போடு, அன்னைக்கே ஆர்டர் தந்துடறேன்.”

அவ்வளவு சுலபமாக முடிந்திருக்க வேண்டியது. தங்கை மறுநாள் பெயரைப் போடவில்லை. அதற்கு மறுநாளும் போடவில்லை. முதல் பக்கம் வீட்டுக்கே போன் செய்தார். “ஏம்மா இன்னும் போடல? அவர் மனசு மாறிடப் போகுது.”

“ஒரு தடவை செஞ்சு பார்த்துட்டுப் போட்டுடறேன் சார்.”

“எதைச் செஞ்சு?”

“எழுதினதை.”

 அந்த அலுவலகத்தில் அதுவரை யாரும் எழுதியதைச் செய்து பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் முன்பக்கக் கதவு வைத்த பழைய மெஷின் ஒன்று உண்டு, அதே சர்வீஸ் சென்டரில் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை அதில் தண்ணீர் விட்டு நடுவில் நிறுத்தினாள். ப்ளக்கைப் பிடுங்கினாள். என்னைப் பக்கத்தைப் படிக்கச் சொல்லி, நான் படிக்கப் படிக்க அவள் செய்தாள்.

“‘மூடிக்குக் கீழே ஒரு வாளி வையுங்கள்.’” படித்தேன்.

வாளியை எடுத்துவந்து வைத்தாள். வாளி போகவில்லை. ஃபில்டர் மூடி தரைக்கு நாலு விரல் மேலே இருந்தது. வாளியைச் சாய்த்துப் பார்த்தாள். படுக்கவைத்துப் பார்த்தாள். சின்ன வாளி கொண்டுவந்தாள்.

“இதுல எப்படிடி வைப்பாங்க?”

“எல்லா வெப்சைட்லயும் வாளின்னுதான்க்கா போட்டிருக்கு.”

“அவங்க எல்லாம் வெச்சுப் பார்த்தாங்களா?”

“எனக்கு முன்னாடி எழுதினவங்களைப் பார்த்து நான் எழுதினேன். அவங்களும் அப்படித்தான் எழுதியிருப்பாங்க போல.” சொல்லிக்கொண்டே, எவ்வளவு வருமென்று பார்க்கலாம் என்று மூடியைத் திருகினாள். எவ்வளவு வருமென்று பார்த்தோம். தண்ணீர் அடுப்படியைத் தாண்டிக் கட்டிலுக்கடியில் போனது. நான் போர்வையை எடுத்து அணை கட்டினேன். அம்மா கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள்.

“இதை எழுதினது யாரு?”

“நான்தாம்மா.”

“பேரு போட்டிருக்கியா?”

“இன்னும் இல்ல.”

“தப்பிச்ச.”

தங்கை ஈரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். அவர்கள் என்ன வைப்பார்கள் என்று கேட்டாள்.

“நாங்க தட்டுதான் வைப்போம். உயரமே இல்லாத தட்டு. கொஞ்சம் திருகி, நிறைஞ்சதும் இறுக்கிட்டு, கொட்டிட்டு வந்து திரும்பத் திருகுவோம்.”

“நான் வாளின்னு எழுதியிருக்கறதை நீங்க படிக்கலையாண்ணே?”

“படிச்சேன். எழுதறவங்களுக்கு ஏதாவது காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “என் பேரு வரப்போகுதுன்னுதான் செஞ்சு பார்த்தேன். செயலாளர்னு போட்டிருந்தா வாளி வாளியாவே இருந்திருக்கும்க்கா,” என்றாள். அத்தனை பேர் படித்துவிட்டார்களே, எத்தனை வீட்டில் கட்டிலுக்கடியில் போயிருக்குமோ என்று அவளுக்குக் கவலை. நான் போர்வையைப் பிழிந்தேன்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். வாளி போகாது என்பதை முதலில் எழுதினாள், வாளியோடு வருகிறவர்களுக்காக. உயரமில்லாத தட்டு, அதற்கடியில் பழைய துணி, மூடியை முழுதாகக் கழற்றாமல் கொஞ்சமாகத் திருகுவது, நிறைந்ததும் இறுக்குவது, கடைசியில் மாட்டும்போது வலப்பக்கம் திருகுவது, முதலாளி சொல்லாமல் விட்டது. எழுதி முடித்ததும் மெஷினில் மறுபடி தண்ணீர் விட்டாள். அம்மா சொல்லாமலே காலைத் தூக்கிக்கொண்டாள். நான் படித்தேன், அவள் செய்தாள். இந்த முறை தரை காய்ந்தே இருந்தது. ஃபில்டருக்குள்ளிருந்து அம்மாவின் கொண்டை ஊசி ஒன்றும் என் ரவிக்கைப் பொத்தான் ஒன்றும் வந்தன. சோதனை மேசைக்காரியின் பொத்தான்.

“போட்டுடு,” என்றாள் அம்மா.

அன்று விடுமுறை, அலுவலகத்துக்குப் போய்த்தான் இணையதளத்தில் ஏற்ற முடியும். திங்கள்கிழமை போய் முதல் பக்கத்துக்குக் காட்டினாள். அவர் வாளியை எடுத்துவிட்டுத் தட்டைப் போட்டதற்குக் காரணம் கேட்டு, காரணத்தைக் கேட்டு முடித்து, வீட்டுக்குப் போய்த் தன் மெஷினுக்கு முன்னால் குனிந்து பார்த்துவிட்டு வந்துதான் சரி என்றார். அதில் ஒரு நாள் போனது. நான் நூல் மேசை மேஸ்திரியிடம், ஆள் வராது என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம், இடைவேளையில், தங்கை எனக்குப் போன் செய்து பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொன்னாள். தொழிற்சாலை வாசலில் நின்று திறந்தேன்.

“எழுத்துப் பிழை இருக்கான்னு பாருக்கா.”

“உன் பேரை நான்தாண்டி உனக்கு முதல்ல எழுதச் சொல்லிக் கொடுத்தேன்.”

“அதனாலதான் கேக்கறேன்.”

கடைசிவரை இறக்கிப் பார்த்தேன். பக்கத்தின் அடியில், ‘எழுதியவர்’ என்பதற்கு நேராக, அப்பா பெயரின் முதலெழுத்தோடு அவள் பெயர் இருந்தது. பிழை இல்லை. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: செய்து பார்த்துச் சரிபார்த்த பக்கம், 2021 அக்டோபர் 19, செவ்வாய்க்கிழமை.